சுக்குக் கிடங்கின் மௌனமும் எங்கள் பசுவின் குளம்பும்

1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17ஆம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு அது தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு மனுவின் கீழே தேதியோடு நேரத்தையும் குறிப்பது கண்ணியமான வழக்கம் என்று அப்போது நம்பியிருந்தேன். மனு எழுதுகிறவர்கள் யாரும் நேரம் குறிப்பதில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

மனு, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டியிருந்த சுக்குக் கிடங்கின் முதலாளிக்கு. காலை எட்டு மணிமுதல் மாலை ஐந்தரைவரை அந்தக் கிடங்கில் முப்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து சுக்கும் மிளகும் புடைப்பார்கள். முறத்தின் ஓசையோடு பேச்சும் வந்துகொண்டிருக்கும். மலையாளத்தில் தொடங்கிய வாக்கியம் தமிழில் முடியும். ஒருத்தி தொடங்கியதை வேறொருத்தி முடிப்பாள். ரேஷன் மண்ணெண்ணெய், மாமியாரின் மூட்டுவலி, கும்பளங்கிக்குக் கட்டிக்கொடுத்த மகள், நேற்றுப் பார்த்த சினிமா என்று அவர்கள் பேசாத பொருள் இல்லை. சுவரின் மேற்பகுதியில் காற்றுக்காக விடப்பட்டிருந்த இடைவெளி வழியே அத்தனையும் எங்கள் வீட்டுக்குள் இறங்கும்.

நான் அப்போது எறணாகுளத்தில் முதுகலை இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் படகில் போய்வருவேன். கருத்தரங்குக்காக ஒரு கட்டுரை எழுதவேண்டியிருந்தது. தலைப்பு: கவிதையில் மௌனம். அன்று பிற்பகல், 'மௌனம் என்பது சொல்லின் இன்மை அன்று' என்று எழுதி, அப்படியானால் அது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கேட்டியாடீ, அந்த மனுஷன் கள்ளைக் குடிச்சுட்டு ஆட்டுக்கொட்டில்ல போய்ப் படுத்திருக்கான். காலையில ஆடு வந்து என்கிட்ட பராதி சொல்லுது, 'சேச்சீ, இவனைக் கூட்டிட்டுப் போ, எங்களுக்கும் மானம் உண்டு'ன்னு!"

முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததுதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. கட்டுரையை ஒதுக்கிவைத்து, புதிய தாளை எடுத்து, ஆங்கிலத்தில் மூன்று பத்திகள் எழுதினேன். 'இடையறாத, பயனற்ற, கல்விச் சூழலுக்குப் பொருந்தாத உரையாடல்' என்ற தொடர் இரண்டாம் பத்தியில் வந்தது; எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்த தொடர் அதுதான். கீழே என் பெயரை இடவில்லை. 'இத்தெருவாசிகள்' என்று பன்மையில் கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை படகுத்துறையில் இருந்த தபால்பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன்.

வியாழக்கிழமை கிடங்கில் ஒரு பலகை தொங்கியது. 'வேலை நேரத்தில் பேசக்கூடாது' என்று மலையாளத்திலும் தமிழிலும் முதலாளியின் தாய்மொழியான குஜராத்தியிலும் எழுதியிருந்தது. பெண்களில் பலருக்கு மூன்றில் ஒன்றும் வாசிக்கத் தெரியாததால், கிடங்குக் கணக்கர் பலகையை மட்டுமல்லாமல் மனுவையும் உரக்க வாசித்து, மலையாளத்தில் பொருளும் சொன்னாராம். என் நடையை முழுமையாக ரசித்த ஒரே வாசகர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

மௌனம் வந்தது. தெரு அதைப் பலவிதமாகப் புரிந்துகொண்டது. எதிரே இருந்த பலசரக்குக் கடைக்காரர் வேலைநிறுத்தம் என்று எண்ணி அரைக் கதவைச் சாத்தினார். கைவண்டிக்காரர்கள் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து வண்டியை மெதுவாகத் தள்ளினார்கள். மூன்றாம் வீட்டில் ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கோர்ட்டு மாமா. பத்தாண்டுகளாகத் தெருவிளக்கு, சாக்கடை, காக்கை என்று பல பொருள்கள் குறித்து மனு எழுதிவந்தவர். அவரைச் சந்தித்தவர்களெல்லாம், "மாமாவோட வேலைதானே இது?" என்று கேட்டார்கள். மாமா மறுக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நம்மளால முடிஞ்சது" என்றார். அவர் ஆயுளில் வெற்றிபெற்ற முதல் மனு அதுதான். அதை மட்டும் அவர் எழுதவில்லை.

இனி எங்கள் பசுவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது செம்பழுப்பு நிறக் கலப்பினப் பசு. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அந்தப் பின்சுவரை ஒட்டிய கொட்டிலில்தான். அப்பா படகுத்துறைக்கு அருகே சிறிய சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். வீட்டில் இருந்த மற்ற எல்லாமே அவர் தீர்மானித்தவை. பசு மட்டும் அம்மாவுடையது. முந்தைய ஆண்டு அது ஆறாம் மாதத்தில் கன்றை இழந்தது. அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா விக்கறதுக்கு மாட்டுத் தரகரைக் கூப்பிட்டுடுவேன். நான் சொன்னது சொன்னதுதான், கேட்டோ." அப்பா சொன்னதை மாற்றிக்கொள்வதில்லை. இப்போது பசுவுக்கு ஏழாம் மாதம். பால் கறப்பதைக்கூட நிறுத்தியிருந்தோம்.

ஜூலை மழையில் கொட்டில் தரை காயவே இல்லை. பின்னங்கால் குளம்பு ஒன்று நீண்டு வளைந்து, அடியில் ஈரம் ஏறி, பசு நொண்டத் தொடங்கியது. அதுவரை அம்மா, எல்லோரும் வீட்டில் இருக்கும் ஞாயிறு தவிர, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதன் காலடியில் உட்கார்ந்து குளம்பிடுக்கைச் சுரண்டிக் கழுவுவாள். பசு ஒரு காலை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு மற்ற மூன்றில் நின்று அசைபோடும். வலி வந்த பிறகும் அப்படித்தான் நின்றது. ஆனால் அந்த வியாழக்கிழமை மதியம் அம்மா கையை வைத்ததும் உதைத்தது. வெள்ளிக்கிழமையும் உதைத்தது. அடுத்த வாரம் அருகில் போனாலே நடுங்கியது.

"வலி கூடிப்போச்சு" என்றாள் அம்மா.

"கொழுப்பு கூடிப்போச்சு" என்றார் அப்பா.

"நரம்பு" என்றார் கோர்ட்டு மாமா. எல்லா நோய்க்கும் அவர் அதைத்தான் சொல்வார்.

நான் மாடியில் இருந்தேன். என் கட்டுரை அந்த வாரம் மிக நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஜூலை 31, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மிருக டாக்டர் வந்தார். இளைஞர், படித்து முடித்து முதல் வேலைக்கு வந்தவர். கையில் தோல்பையும் குளம்பு சீவும் வளைந்த கத்தியும் வைத்திருந்தார். அம்மா பசுவின் நெற்றியைத் தடவ, அவர் பின்காலைத் தொட்டார். அடுத்த கணம் கழனித்தண்ணீர் வாளி முற்றத்தின் மறுகோடியில் கிடந்தது. டாக்டரின் மூக்குக்கண்ணாடி வாளிக்குள் கிடந்தது.

"குளம்புக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு" என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. மலையாளமும் தமிழும் கலந்து, அம்மாவுக்குப் புரியவேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திப் பேசினார். "சீவி எடுக்காம விட்டா மேல ஏறும். அப்புறம் எழுந்து நிக்காது. ஆனா இது இப்படிப் பேடிச்சு, பயந்து நின்னா என்னால தொட முடியாது, சேச்சி. மயக்க ஊசி போடணும்."

"ஏழு மாசம் சார்" என்றாள் அம்மா.

"அதுதான் பிரச்சினை." அவர் பையிலிருந்து எடுத்த குப்பியைத் திரும்பவும் பைக்குள் வைத்தார். "இந்த மருந்து கர்ப்பப்பையைச் சுருக்கும். கடைசி மூணு மாசத்துல போடாம இருக்கறதுதான் நல்லது. வேற வழியில்லைன்னா கொஞ்சமா போட்டுப் பார்க்கலாம்."

"போட்டா கன்னு தங்குமா?"

"தங்கலாம்." டாக்டர் நேர்மையானவர். "தங்காமலும் போகலாம். இன்னொரு விஷயம் இருக்கு. பயந்து துடிச்சு நிக்கற மாட்டுக்கு இந்த ஊசி பிடிக்காது. பிடிக்கலையேன்னு இன்னொண்ணு போடணும். அதுவும் பிடிக்கலைன்னா மூணாவது. அங்கதான் ஆபத்து. அதனால முதல்ல பசு சாந்தமாகணும். சுத்திலும் சத்தமே இருக்கக்கூடாது. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேறெங்கோ பார்த்தார். தரகர் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

உடனே மௌனத்துக்கான ஏற்பாடுகள் தொடங்கின. அப்பா ரேடியோவை நிறுத்தினார். பிறகு செருப்பைக் கழற்றினார். பிறகு கூடத்துக்குப் போய்ச் சுவர்க்கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்திவிட்டு, பெரிய தியாகம் செய்தவர் முகத்தோடு திரும்பினார். பக்கத்து வீட்டில் மாவு இடித்துக்கொண்டிருந்தவர்களிடம் உலக்கையையே வாங்கி வந்தோம். கோர்ட்டு மாமா வாசலில் காவல் நின்று, தெருவில் போன ஒவ்வொருவரிடமும், "சத்தம் போடாதே! பசு! பசு!" என்று உரக்கக் கத்தினார். டாக்டர் இரண்டுமுறை கைகூப்பிய பிறகே அவர் அதை மெல்லிய குரலில் கத்தத் தொடங்கினார்.

பதினைந்து நிமிடம் யாரும் பேசவில்லை. கிடங்கிலும் பலகையின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. முறங்கள் மட்டும் சரசரத்தன. அப்படி ஒரு அமைதியை மட்டாஞ்சேரி அதற்குமுன் கண்டிருக்காது. அந்த அமைதியின் நடுவில் பசு, காதுகளை விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிய, தொடைச் சதை துடிக்க நின்றது. மூன்றுமுறை கழிந்தது. அசைபோடவே இல்லை. டாக்டர் வாலின் அடியில் விரல்வைத்து நாடியை எண்ணத் தொடங்கி, வேகம் தாளாமல் எண்ணிக்கை தவறி, மறுபடி தொடங்கினார்.

நான்கு மணிக்குக் கிடங்கில் சாயா நேரம். பெண்கள் பத்து நிமிடம் பின்சந்தில் வந்து நிற்பார்கள். பலகையின் அதிகாரம் கிடங்கின் கதவோடு முடிந்துவிடும். ஒன்பது நாளாக வேலை நேரமெல்லாம் அடக்கிவைத்த பேச்சை அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர்கள் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றும் சுவருக்கு அப்பால் பேச்சு கொட்டியது.

"எடீ, அந்தச் சாயாவுல பாதி எனக்குத் தா!"

"உனக்குப் பாதி, உன் நாக்குக்குப் பாதி, அப்போ எனக்கென்ன, கிளாஸா?"

பசுவின் இடது காது முதலில் திரும்பியது. பிறகு வலது காது. ஒரு நீண்ட மூச்சு வந்தது. தொண்டையில் ஓர் உருண்டை மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். பசு அசைபோடத் தொடங்கியது.

"ஆங்! சாந்தமாயிடுச்சு" என்று டாக்டர் கிசுகிசுத்தார். "மௌனத்தோட பலன்." குப்பியை எடுத்தார், ஊசியைப் பொருத்தினார், அளவைச் சரிபார்த்தார், குறைத்தார், மறுபடி சரிபார்த்தார். எச்சரிக்கையானவர்களுக்கு எல்லாவற்றுக்கும் நேரமாகும். அதற்குள் சாயா நேரம் முடிந்தது. பெண்கள் உள்ளே போனார்கள். பேச்சு நின்றது. பசுவின் தாடையும் பாதியில் நின்றது. காது விறைத்தது. தொடை துடித்தது.

"ஊசியைப் பார்த்துடுச்சு" என்றார் டாக்டர்.

"டாக்டரைப் பார்த்துடுச்சு" என்றார் அப்பா.

"நரம்பு" என்றார் கோர்ட்டு மாமா.

எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்துவிட்டது. கறவை இருந்த நாட்களில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிற்பகலில் பசு பாலை அடக்கிக்கொள்ளும். கடை அடைப்பதால் கழனித்தண்ணீர் குறைவு என்பது அப்பாவின் விளக்கம். அதுவும் ஒருநாள் ஓய்வெடுக்கட்டுமே என்பது அம்மாவின் விளக்கம். ஞாயிறு என்பது கிடங்குக்கு விடுமுறை என்பதை யாரும் யோசித்ததில்லை. அந்தப் பசு பிறந்த நாளிலிருந்து அந்த முப்பது குரல்களுக்குக் கீழேதான் உண்டு உறங்கியிருக்கிறது. மற்றப் பசுக்களுக்குக் காடும் புல்வெளியும் எப்படியோ, இதற்குச் சுவருக்கு அப்பால் யாரோ யாருடைய மாமியாரையோ ஏசிக்கொண்டிருப்பது அப்படி. அது நின்றுபோனால் உலகத்தில் ஏதோ பெரிய தவறு நடந்துவிட்டது என்று பொருள். அந்தத் தவறை மூன்று பத்திகளில், நேரம் குறித்து எழுதியவள் நான்.

டாக்டர் ஊசியைப் பிடித்தபடி இன்னும் சிறிது பொறுக்கலாம் என்று முடிவுசெய்தார். நான் சமையலறை வழியாகப் பின்சந்துக்குப் போனேன்.

கிடங்கின் பெண்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியிலேயே தங்கிவிட்டவர். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்பார்கள். கதவுக்கு நேரே, பலகைக்குக் கீழே அமர்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தவில்லை.

"என்ன மோளே, வழி தப்பி வந்துட்டியா?"

"நீங்க கொஞ்சம் பேசணும்" என்றேன்.

"யார்கிட்ட?"

"யார்கிட்ட வேணும்னாலும். சத்தமா."

அவர் முறத்தால் பலகையைக் காட்டினார். "நீ படிச்ச குட்டியில்லா. அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசி."

"வாசிச்சேன் அக்கா. அது நான் எழுதின மனுவால வந்தது."

முப்பது முறங்களும் நின்றன. ஓரத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்போ கோர்ட்டு மாமா இல்லையா?"

"இல்லை."

"ஐயோ, அந்த மனுஷனை ஒம்பது நாளா வெறுதே சபிச்சோமே!"

"பரவாயில்லைடீ, அந்த ஆளுக்கு அட்வான்ஸா இருக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

பெரியக்கா சிரிக்கவில்லை. "எங்க பேச்சு பயனில்லாத பேச்சுன்னு எழுதினவ நீதானா?"

"ஆமாம்."

"இப்போ பயன் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு" என்றேன். பிறகு என் வாழ்நாளில் அதுவரை அந்நியர்களிடம் பேசியதைவிட அதிகமாகப் பேசினேன். பசுவைச் சொன்னேன், காலைச் சொன்னேன், ஏழாம் மாதத்தைச் சொன்னேன், டாக்டர் கையில் இருக்கும் ஊசியைச் சொன்னேன். அப்பாவின் தரகரையும் சொன்னேன். இவர்கள் பேசினால் பசு அசைபோடுகிறது, நிறுத்தினால் நடுங்குகிறது என்றேன். என் வாக்கியங்கள் எதிலும் எழுவாய் சரியான இடத்தில் இல்லை.

பெரியக்கா முறத்தைக் கீழே வைத்தார். "போன வருஷம் உங்கம்மா அழுதுகிட்டு நிக்கையில, அந்தக் கன்னுக்குக் குழி தோண்டினது யாரு தெரியுமா? இந்தக் கைதான். நீ அப்போ மாடியில படிச்சுகிட்டிருந்தே." அது உண்மை. அன்று எனக்குத் தேர்வு இருந்தது. பெரியக்கா மேசைப் பக்கம் திரும்பினார். "கணக்கரே! காதைப் பொத்திக்கோ."

கணக்கர் மேசையிலிருந்து எழுந்தார். "முதலாளி அறிஞ்ஞா…"

"பசு ஒண்ணு எதிர்மனு குடுத்திருக்குன்னு சொல்லு."

இப்படியாக அனுமதி கிடைத்தது. ஆனால் எதிர்பாராத தடை ஒன்று எழுந்தது. பேசுங்கள் என்று சொன்னதும் யாருக்கும் பேச ஒன்றும் தோன்றவில்லை. முப்பது பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி, "இன்னிக்கு நல்ல மழை" என்று தொடங்கி, நாணி நிறுத்திக்கொண்டாள். ஓர் இளம்பெண் என்னைப் பார்த்து, "நீயே எழுதித் தாயேன், நாங்க வாசிக்கறோம். எழுத்து நல்லா இருக்குமாமே!" என்றாள்.

பெரியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "விஷயத்துக்கா பஞ்சம்? இவளே விஷயம்தானே! நீ போ மோளே. போய்ப் பசுவைப் பாரு."

நான் திரும்பிவந்தபோது டாக்டர் பசுவின் கழுத்தில் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "ஒரு நிமிஷம் சார்" என்றேன். வீட்டில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலை உயர்த்தி அவர்கள் கேட்டதில்லை. அப்போது சுவருக்கு மேலிருந்து பெரியக்காவின் குரல் வந்தது.

"கேட்டீங்களாடீ பெண்டுகளே! மூணு வருஷமா நம்ம சந்து வழியா போறாளே ஒருத்தி, ஒருநாள் சிரிச்சிருக்காளா?"

"சிரிப்பா? குடையை எப்படிப் பிடிக்கறான்னு கண்டோ? மழை நனைச்சுடும்னு இல்ல, மழை தொட்டுப் பேசிடுமோன்னு பேடி!"

பசுவின் காது திரும்பியது.

"என்ன இது?" என்றார் டாக்டர். "சத்தம் கூடாதுன்னு…"

"பசுவைப் பாருங்க சார்" என்றேன்.

நீண்ட மூச்சு ஒன்று வந்தது. தொண்டையில் உருண்டை ஏறியது. டாக்டர் வாலடியில் விரல்வைத்தார். இம்முறை எண்ணிக்கை தவறவில்லை. அவர் பசுவையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தார். தான் படித்த புத்தகத்தில் சுவரைப் பற்றி எதுவும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அம்மா மெல்லக் குனிந்து, காலடியில் உட்கார்ந்து, மடியைத் தட்டினாள். ஒன்பது நாட்களுக்குப் பிறகு பசு தன் பின்காலை அம்மாவின் மடியில் வைத்தது.

ஊசி பைக்குள் திரும்பிப் போயிற்று. செப்டம்பர் கடைசியில் பிறந்த கிடாரிக் கன்றுக்கு அதைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது.

அடுத்த முக்கால் மணிநேரம் டாக்டர் குளம்பைச் சீவினார். நீண்ட நுனியை வெட்டினார்; அடிப்பகுதியைச் சுருள்சுருளாகச் செதுக்கினார்; கருத்த புள்ளி ஒன்றைத் தொடர்ந்து உள்ளே போய்ச் சீழை வடியவிட்டார். நான் மருந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தனை நேரமும் முப்பது பெண்கள் என்னைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இவ கல்யாணம் ஆனா புருஷன்கிட்ட எப்படிடீ பேசுவா?"

"பேசவா? மனு எழுதுவா! 'மேற்படிப் புருஷனாகிய தாங்கள் இரவில் இடையறாது, பயனில்லாது குறட்டை விடுவதை…'"

"கீழே கையெழுத்து?"

"தெருவாசிகள்!"

சுவரே அதிரும்படி சிரித்தார்கள். வாசலில் கோர்ட்டு மாமாவின் முகம் மாறியது. தன் ஒரே வெற்றி தன்னுடையதில்லை என்று தெரு முழுவதும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இம்முறை உண்மையாகவே வியர்த்து, வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபத்தைவிட வியப்பே அதிகம் இருந்தது. இந்த வீட்டில் தன்னைத் தவிர இன்னொருவரும் தீர்மானம் எடுக்கக்கூடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. அம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். பசுவின் காலை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் மயில்துத்தப் பொடியை வைத்து, சாக்குத்துணியால் கட்டு போட்டார். பிறகு பதிவேட்டை எடுத்து, 'மயக்கமருந்து தேவைப்படவில்லை' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. முடிவில், 'சூழல் அனுகூலமாக இருந்தது' என்று எழுதினார். அந்த ஆண்டு நான் படித்த மிகச் சிறந்த சுருக்கம் அது.

"நாளைக்குக் காலையில இந்தக் கட்டை மாத்தணும் சேச்சி" என்றார், பையை மூடியபடி. "புண்ணைக் கழுவி மருந்து வெச்சு, புதுத்துணி கட்டணும். கண்டிப்பா மாத்தணும், இல்லைன்னா மறுபடி பிடிச்சுக்கும். எனக்கு ஞாயிறு வர முடியாது. உதைச்சா திங்கட்கிழமை ஊசியோட வர்றேன்."

அவர் போன பிறகுதான் ஞாயிறு என்ற சொல் எனக்கு உறைத்தது.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே இரண்டாவது மனுவை எழுதினேன். இரண்டே வரி. முதல் மனுவைத் திரும்பப் பெறுகிறேன், பலகையை எடுத்துவிட வேண்டுகிறேன். கீழே என் பெயரை மட்டும் எழுதினேன். ஐந்தரைக்குப் பெண்கள் வெளியே வரும்போது சந்தில் நின்று பெரியக்காவின் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் மடியில் செருகிக்கொண்டு, "நேரம் போட்டிருக்கியா?" என்று கேட்டார். கணக்கர் அதைக்கூட விடாமல் வாசித்துக் காட்டியிருக்கிறார்.

மறுநாள், ஆகஸ்டு முதல் தேதி, காலை எட்டு மணிக்கு அம்மா வெந்நீரும் மருந்தும் துணியும் எடுத்துவைத்தாள். கிடங்கு பூட்டிக் கிடந்தது. மழை இல்லை, காக்கைகூட இல்லை. அம்மா கொட்டிலுக்குள் கால்வைத்ததும் பசுவின் காது விறைத்தது. அப்பா கூடத்திலிருந்து ரேடியோவைத் தூக்கிவந்து உரக்க வைத்தார். இந்தியில் செய்தி வந்தது. பசு அதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டுக் கழிந்தது. அப்பா ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பின்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். தொண்டையைச் செருமினேன். "கேட்டீங்களாடீ பெண்டுகளே!" என்று தொடங்கினேன். குரல் போதவில்லை, பசு திரும்பவில்லை. எழுந்து நின்று, இடுப்பில் கைவைத்து, தெருவுக்கே கேட்கும்படி மறுபடி தொடங்கினேன். "மூணு வருஷமா நம்ம சந்து வழியா போறாளே ஒருத்தி, ஒருநாள் சிரிச்சிருக்காளா?"

என் நினைவாற்றல் நல்லது. முந்தைய நாள் என்னைப் பற்றி அவர்கள் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும், யார் சொன்னது, எந்தக் குரலில் சொன்னது, எங்கே சிரித்தார்கள் என்பது உட்பட, வரிசை மாறாமல் சொன்னேன். சிரிப்பு வரும் இடங்களில் நானே சிரித்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது, பிறகு இன்னொன்று. பசுவின் இடது காது திரும்பியது. அம்மா குனிந்து உட்கார்ந்து மடியைத் தட்டினாள்.

"குறட்டையை விட்டுட்டியே" என்றாள், பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டே.

"வருதும்மா, அது அடுத்தது" என்று சொல்லிவிட்டு, மேற்படிப் புருஷனுக்கு மனு எழுதினேன். அம்மா கழுவினாள், பொடி வைத்தாள், புதுத்துணியைச் சுற்றினாள். பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. 'தெருவாசிகள்' வந்தபோது அம்மா முடிச்சுப் போட்டு முடித்து, காலை மெல்லத் தரையில் இறக்கிவைத்தாள். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை. என் செருப்பைப் பற்றி அவர்கள் சொன்னதில் மூன்று வாக்கியங்கள் மிச்சம் இருந்தன.